கோபன்ஹேகனை நடந்து பார்ப்பது: மலைக்கால்களுக்கான மதிப்பீடு

டென்மார்க் நாட்டின் மிக உயரமான இடம் மொல்லஹொய் என்ற மேடு. உயரம் 171 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் தொட்டபெட்டா 2637 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நீலகிரிக்காரர் யாரும் கோபன்ஹேகனை நடந்து சுற்றுவதற்குக் கவலைப்பட மாட்டார். கீழ்க் குன்னூரிலிருந்து மேல் குன்னூருக்கு மளிகைப் பையோடு ஏறிப் பழகிய கால்களுக்குத் தட்டையான ஊர் ஒரு பொருட்டா என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டாம் நாள் மாலை குதிகாலும் இடுப்பும் சேர்ந்து வலிக்கும்.

ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேட்டில் ஏறும்போது தொடையும் ஆடுசதையும் உழைக்கின்றன. இறக்கத்தில் முழங்கால் பிரேக் பிடிக்கிறது. வளைவில் பாதத்தின் ஓரம் தாங்குகிறது. பாரம் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் எந்தத் தசையும் நாள் முழுக்க அடி வாங்குவதில்லை. கோபன்ஹேகனில் ஒவ்வோர் அடியும் முந்தைய அடி மாதிரியேதான். குதிகாலில் அதே இடம், முன்பாதத்தில் அதே இடம், கீழே கருங்கல். இதோடு மூச்சும் சேர்கிறது. ஊட்டியின் 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அந்தக் காற்றில் பழகியவருக்குக் கடல் மட்டத்தில் மூச்சே வாங்காது. நம் ஊரில் மேடு தானாகவே மூச்சு வாங்க வைத்து எங்காவது ஒரு திட்டில் உட்கார வைத்துவிடும். அங்கே நம்மை நிறுத்த எதுவும் இல்லை. இன்னும் ஒரு தெரு, இன்னும் ஒரு பாலம் என்று போய்க்கொண்டே இருப்போம். இரவு போனில் பார்த்தால் 25,000 அடி தாண்டியிருக்கும்.

ஆகவே களைப்பு வரும் முன்பே உட்கார வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்கார்ந்து, ஷூவின் கயிற்றைத் தளர்த்திக் காலுக்குக் காற்று விடுங்கள். இதற்கு ஊர் நன்றாகவே ஒத்துழைக்கிறது. சதுக்கம், பூங்கா, துறைமுக விளிம்பு என எங்கும் பெஞ்சுகள் இருக்கின்றன. காபி வாங்கினால்தான் உட்காரலாம் என்ற நிலை இல்லை. பெஞ்சு விஷயத்தில் இந்த ஊருக்கு முழு மதிப்பெண்.

ஷூவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மலைக்காரர்கள் வெளிநாடு போகும்போது ட்ரெக்கிங் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவது வழக்கம். கோபன்ஹேகனுக்கு அது தவறான தேர்வு. ஆழமான பல் வைத்த அடிப்பாகம் மண்ணிலும் சேற்றிலும் கவ்வுவதற்காகச் செய்தது. ஈரமான, வழவழப்பான கருங்கல்லில் அந்தப் பற்களின் நுனி மட்டும்தான் தரையைத் தொடும். அதனால் வழுக்கும், அடிப்பாகம் விறைப்பாக இருப்பதால் அதிர்ச்சி நேராகக் குதிகாலுக்கும் ஏறும். நல்ல மெத்தை உள்ள, அடிப்பாகம் பரந்த நடைப்பயிற்சி ஷூ போதும். மாலையில் பாதம் வீங்கும் என்பதால் அரை அளவு பெரிதாக வாங்கி, இங்கேயே இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கியபின் கொண்டுபோக வேண்டும். முடிந்தால் இரண்டு ஜோடி எடுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போடுங்கள். தேய்க்கும் இடம் மாறினாலே பாதிக் கொப்புளம் வராது.

பழைய நகரின் நடைபாதைக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. நடுவில் அகலமான கருங்கல் பலகைகள் வரிசையாகப் போகும். அவற்றுக்கு இடையிலும் இரு ஓரங்களிலும் கைப்பிடி அளவுச் சதுரக் கற்கள் பதித்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் பலகை மேலேயே நடக்கிறார்கள் என்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தால் தெரியும். நாமும் அப்படியே செய்ய வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் நாலு பேர் ஒரே வரிசையில் நடந்தால் ஓரத்தில் இருப்பவர் சிறுகல்லில் கணுக்காலைத் திருப்பிக்கொள்வார். சக்கரப் பெட்டி இழுப்பவர்களும் பலகையை விட்டு இறங்கக் கூடாது. சிறுகற்களில் ஒரு கிலோமீட்டர் இழுத்தால் மலிவான சக்கரம் கழன்றே விடும்.

அடுத்தது சைக்கிள். இந்த ஊரில் நடப்பவருக்கு உண்மையான ஆபத்து காரிலிருந்து வருவதில்லை. நடைபாதைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில், இரண்டிலிருந்தும் ஒரு விளிம்புக்கல் உயர வித்தியாசத்தில், சைக்கிள் பாதை ஓடுகிறது. புதியவர் கண்ணுக்கு அது நடைபாதையின் நீட்சியாகவே தெரியும். நம் மலையூர்களில் நடைபாதை இருக்கும் இடமே குறைவு. சாலை ஓரமாக நடந்து, எதிரே ஆள் வந்தால் சட்டென்று ஒதுங்கி இறங்குவது நம் உடம்பில் ஊறிய பழக்கம். அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். அங்கே ஒதுங்கி இறங்கும் இடத்தில், வேலைக்குப் போகும் அவசரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் வந்துகொண்டிருப்பார். பின்னால் மணி அடித்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவாமல் இருக்கும் கோட்டிலேயே நில்லுங்கள். அவர் விலகிப் போய்விடுவார். நாம் தாவினால்தான் மோதல்.

வண்டிகள் அங்கே வலப்பக்கம் ஓடுகின்றன. சாலையில் இறங்கும் முன் நம் கண் தானாக வலப்பக்கம் பார்க்கும். அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். முதலில் வருவது காரல்ல, சைக்கிள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் இதே கவனம் தேவை. சில நிறுத்தங்களில் பஸ் கதவு நேராகச் சைக்கிள் பாதையில் திறக்கும். அங்கே சைக்கிள்காரர்தான் நின்று வழிவிட வேண்டும். இறங்குபவர்களுக்கென்று தனித் திட்டு கட்டியிருக்கும் நிறுத்தங்களில் நிலைமை தலைகீழ்: திட்டில் நின்று சைக்கிள்கள் போனபின் நாம் கடக்க வேண்டும். எந்த வகை நிறுத்தம் என்று இறங்கும் முன் ஒரு கணம் பார்த்தால் போதும். சிக்னலில் சிவப்பு மனிதன் எரியும்போது, சாலை காலியாக இருந்தாலும் ஊர்க்காரர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். நாமும் நிற்போம். பச்சை எரிந்தபின் வலப்பக்கம் திரும்பும் கார்கள் நமக்காக உண்மையாகவே நிற்கின்றன. ஊட்டி சேரிங் கிராஸில் சாலையைக் கடந்து பழகியவர்களுக்கு இதை நம்புவதற்கே ஒரு நாள் ஆகும்.

குளிரைப் பற்றி நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. ஊட்டி ஜனவரியில் விடியற்காலை உறைபனி இருந்தாலும் பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும், ஜெர்கினைக் கழற்றிவிடுவோம். கோபன்ஹேகன் ஜனவரியில் நடுப்பகலிலேயே மூன்று நான்கு டிகிரிதான். வெயில் ஏறாது, ஈரம் போகாது, கடற்காற்று ஓயாது. ஊட்டி திபெத்தியர் மார்க்கெட்டில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் நல்ல சூடுதான், ஆனால் பின்னல் வழியே காற்று உள்ளே புகும். ஸ்வெட்டர் உள்ளே, காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட் வெளியே என்று அணிந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். மப்ளர், காதை மூடும் குல்லா, கையுறை கட்டாயம். குடையை வீட்டிலேயே வைத்துவிடலாம்: மழை அங்கே பக்கவாட்டில் வரும், முதல் பாலத்திலேயே குடை திரும்பிக்கொள்ளும்.

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நடப்பதற்குச் சிறந்தவை. ஜூனில் ஒரு பொறி இருக்கிறது. பகல் பதினேழரை மணி நேரம் நீள்கிறது. பத்து மணி வரை வெளிச்சம். நம் மலையில் ஆண்டு முழுக்கப் பகல் நீளம் அதிகம் மாறுவதில்லை, இருட்டினால் வீடு திரும்பியே பழக்கம். அங்கே இருட்டும் என்று காத்திருந்தால் கால்தான் போகும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான், மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். அப்போது போனால் பத்து முதல் மூன்று வரை வெளியே, அதன்பின் அருங்காட்சியகம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

இனி எங்கே நடப்பது. சுற்றுலாப் பேருந்துகள் காட்டும் கோபன்ஹேகன் என்பது நகர மன்றச் சதுக்கம், ஸ்ட்ரோயெட் கடைத்தெரு, நியூஹவ்ன் வண்ண வீடுகள், கடற்கன்னிச் சிலை. எங்கள் கணிப்பில் இந்த ஊரின் பலவீனமான பகுதியே இதுதான். ஸ்ட்ரோயெட் 1962 நவம்பரில் கார்களுக்கு மூடப்பட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆன தெரு. சுமார் 1.1 கிலோமீட்டர். நகரத் திட்டமிடல் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அதைத் தவிர, எந்த நாட்டிலும் கிடைக்கும் துணிக்கடைகள்தான் அங்கே இருக்கின்றன. அதை ஒருமுறை குறுக்கே கடந்தால் போதும்.

தமிழர்களுக்கு இந்த ஊரில் பிடித்து நடக்க ஒரு நூல் இருக்கிறது. அந்த நூலின் ஒரு முனை தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள டேனியர்களுக்கு அனுமதி தந்தார். அவர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதுவித்து அனுப்பிய ஓலை இன்றும் டென்மார்க் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓலையைப் பெற்ற அரசர் நான்காம் கிறிஸ்டியன். கோபன்ஹேகனில் இன்று நாம் கண்ணாரப் பார்க்கும் பழைய கட்டடங்களில் பல அவர் கட்டியவை. அவர் கட்டியதை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு முழுநாள் நடை கிடைக்கிறது, அலைச்சலும் குறைவு.

நோர்ரபோர்ட் ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் வட்டக் கோபுரம். 1642-இல் முடிந்தது, உயரம் 34.8 மீட்டர். உள்ளே பெரும்பாலும் படிகளே இல்லை. மேலே இருந்த நூலகத்துக்கும் வானாய்வுக் கூடத்துக்கும் புத்தகமும் கருவியும் ஏற்றிச்செல்ல வசதியாக ஒரு சரிவுப் பாதை ஏழரைச் சுற்று சுற்றி ஏறுகிறது. கடைசியில் மட்டும் குறுகலான படி. இந்தச் சரிவில் நடப்பதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. வெளிச்சுவரை ஒட்டி நடந்தால் சரிவு சுமார் 10 சதவீதம். நடுத்தூணை ஒட்டி நடந்தால் 33 சதவீதம். கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் நம் மலை ரயிலின் பல்சக்கரத் தண்டவாளமே அதிகபட்சம் 12-க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். குறுக்கு வழி என்று தூணை ஒட்டிப் போனால் மூச்சு வாங்கும். கோபுரத்தின் வெளிமுகப்பில் அரசர் தம் கையால் வரைந்து தந்த பொன்னெழுத்துப் புதிர்வாக்கியம் இருக்கிறது. நடுவில் ஒரு சிவப்பு இதயம். நுழையும் அவசரத்தில் தலையைத் தூக்காமல் போய்விடாதீர்கள்.

அங்கிருந்து தெற்கே இறங்கி ஸ்ட்ரோயெட்டைக் கடந்தால் வாய்க்காலுக்கு அப்பால் கிறிஸ்டியான்ஸ்போர்க் மாளிகை, அதாவது நாடாளுமன்றம். அதன் கோபுரம் 106 மீட்டர். ஏறக் கட்டணம் இல்லை, லிஃப்ட் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் ஊரை மேலிருந்து காட்ட இதுவே சரியான இடம். பைகளைச் சோதித்தே உள்ளே விடுவார்கள், நண்பகலில் வரிசை நீளும். திங்கட்கிழமை மூடியிருக்கும். திங்களன்று பல அருங்காட்சியகங்களுக்கும் விடுமுறை என்பதால், அந்த நாளைத் திறந்தவெளி நடைக்கு ஒதுக்குவது நல்லது.

மாளிகையின் பக்கத்தில் பழைய பங்குச்சந்தைக் கட்டடம், அதுவும் நான்காம் கிறிஸ்டியன் காலத்தது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு உயர்வதுபோல் ஒரு கூம்பு அதன் உச்சியில் இருந்தது. 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்து அந்தக் கூம்பு சரிந்தது, திருப்பணி நடக்கிறது. அதைத் தாண்டி நிப்பல்ஸ் பாலம். பாலத்தின் மறுகரையில் கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன்.

ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் உண்டு என்றால் அது கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன்தான். வணிகர்களுக்காக அந்த அரசர் உருவாக்கிய நகர்ப்பகுதி. நடுவில் வாய்க்கால், வாய்க்கால் முழுக்கப் படகு, ஓரமெல்லாம் உட்கார இடம். மேற்கு விளிம்பில் ஸ்ட்ராண்டகேட தெருவும், அதன் ஓரமாக ஆசியாட்டிஸ்க் பிளாட்ஸ் என்ற சதுக்கமும் இருக்கின்றன. இன்று அங்கே வெளியுறவு அமைச்சகம். 1732-இல் தொடங்கிய டேனிய ஆசியக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். தரங்கம்பாடிக்கும் சீனாவின் கேன்டனுக்கும் கப்பல்கள் இந்தத் துறையிலிருந்து போயின. கேன்டனிலிருந்து வந்த சரக்கில் பெரும்பங்கு தேயிலை. சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் கிடங்கு 1750 வாக்கில் எழுந்தது. நம் நீலகிரியின் கேத்தியில் சீனத் தேயிலைச் செடியை ஊன்றிச் சோதித்தது 1835-இல். நம் மலையில் முதல் கொழுந்து துளிர்ப்பதற்கு எண்பது ஆண்டு முன்பே தேயிலையால் செழித்த கரை இது என்று நினைத்துக்கொண்டு நின்றால், சாதாரணமாகத் தெரியும் அந்தச் செங்கல் சுவர் வேறு மாதிரி தெரியும். வெளியிலிருந்துதான் பார்க்கலாம். கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை.

இதே பகுதியில்தான் மீட்பர் ஆலயம், அதன் முறுக்குக் கூம்பு 90 மீட்டர். மொத்தம் 400 படி. கடைசி 150 படிகள் கூம்பின் வெளிப்பக்கத்தில், திறந்த காற்றில், சுற்றிச் சுற்றி ஏறும். மேலே போகப் போகப் படி குறுகி, உச்சியில் ஓர் ஆள் நிற்கும் இடம்கூட இல்லாமல் முடிந்துவிடும். மலைக்காரர்கள் உயரத்துக்கு அஞ்ச மாட்டார்கள், ஆனால் இது வேறு. மலையில் கீழே சரிவும் செடியும் தெரியும். இங்கே கம்பியைத் தாண்டினால் வெறும் வெளி. எதிரே இறங்குபவருக்கு இடம் விட்டு நிற்பதுதான் உண்மையான சிரமம். முதுகுப் பையோடு ஏறினால் இருவருமே மாட்டிக்கொள்வோம், ஆகவே பையை விட்டுவிட்டு ஏறுங்கள். காற்றோ மழையோ கடுமையானால் மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் பல வாரம் திறப்பதே இல்லை. நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே எடுப்பதானால், காலை முதல் வேளையை எடுங்கள். காற்று பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கிறது.

இறங்கியதும் கால் நடுங்கும். அப்போது கிழக்கே உள்ள பழைய மதில்மேட்டுக்குப் போய்விடுங்கள். போருக்காகக் கட்டிய மண்மேடும் அகழியும் இப்போது மரங்களும் புல்லுமாகக் கிடக்கின்றன. கருங்கல்லில் அடிபட்ட பாதத்துக்கு மண் பாதை கிடைக்கும் இடம் இதுதான். வழியில் கிறிஸ்டியானியா வரும்: 1971-இல் காலியாகக் கிடந்த படைமுகாமில் குடியேறியவர்கள் நடத்தும் பகுதி. உள்ளே நடக்கலாம், வசிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

திரும்பி வடக்கே நடந்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டுமான உட்துறைமுகப் பாலம் வழியாக நியூஹவ்ன் வரலாம். 2016-இல் திறந்த பாலம். கப்பல் வந்தால் நடுவில் பிரிந்து உள்வாங்கிக்கொள்ளும். அதில் நடப்பவர் பக்கம் எது, சைக்கிள் பக்கம் எது என்று பார்த்து நடங்கள், இறக்கத்தில் சைக்கிள்கள் வேகமாக வரும். நியூஹவ்னில் வண்ண வீடுகள் வடகரையில், தெற்கு நோக்கி நிற்கின்றன. படம் எடுக்கத் தென்கரையில் நின்றால் பகல் முழுக்க வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும். அங்குள்ள ஓட்டல்களில் உட்கார வேண்டியதில்லை, இடத்துக்கான விலை தட்டில் ஏறியிருக்கும். இதுவரை நடந்தது கட்டடங்களுக்குள் ஏறி இறங்கியதைச் சேர்க்காமல் சுமார் 6 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு இது போதும், கால் நன்றாக இருந்தாலும் போதும்.

இரண்டாம் நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோசன்போர்க் மாளிகையும் அரசர் தோட்டமும், இவையும் அதே கிறிஸ்டியன் உண்டாக்கியவை. அங்கிருந்து காலை 11:30-க்குக் காவல்படை அணிவகுத்துக் கிளம்பி 12 மணிக்கு அமாலியன்போர்க் அரண்மனைக்குப் போகும். சதுக்கத்தில் கூட்டத்தில் முண்டியடிப்பதைவிட, கிளம்பும் இடத்திலிருந்து அவர்களோடு தெருவில் கூடவே நடப்பது மேல். அமாலியன்போர்க் சதுக்கத்தின் நடுவில் ஐந்தாம் ஃபிரெடெரிக் குதிரைமேல் அமர்ந்த சிலை. அதற்குப் பணம் கொடுத்தது நேற்றுப் பார்த்த அதே ஆசியக் கம்பெனி. தோடர்களின் குடும்ப முறையை ஆராய நீலகிரிக்கு வந்து தங்கிய கிரேக்க-டென்மார்க் இளவரசர் பீட்டரும் இந்த அரச மரபின் கிளையில் வந்தவர்தான்.

அங்கிருந்து வடக்கே கஸ்டெல்லெட், நட்சத்திர வடிவ மண்கோட்டை. மதில்மேல் ஒரு சுற்று நடக்க அரை மணி நேரம். அதை ஒட்டிக் கடற்கன்னிச் சிலை, 1913-இல் வைத்தது, உயரம் 1.25 மீட்டர்தான். படங்களில் பார்த்துப் பெரிதாக நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அங்கே ஏமாந்து நிற்பதைப் பார்க்கலாம். சிலைக்காகப் போகாதீர்கள், கோட்டைக்காகப் போங்கள். சிலை வழியில் இருக்கிறது. அதற்கப்புறம் திரும்பி நடக்காதீர்கள். பக்கத்தில் உள்ள படகுத்துறையில் மஞ்சள் நிறத் துறைமுகப் படகு நிற்கும். அது பொதுப் போக்குவரத்தின் பகுதி, பஸ்-மெட்ரோ சீட்டிலேயே ஏறலாம். உல்லாசப் படகுக்குப் பல மடங்கு கொடுத்துப் பார்க்கும் அதே கரைகளை உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே ஊர் நடுவுக்குத் திரும்பிவிடலாம்.

தாவரவியல் பூங்கா வழியிலேயே இருக்கிறது. ஊட்டிப் பூங்காவைப் பார்த்து வளர்ந்தவர்கள் தவிர்க்கலாம். குளிர்காலத்தில் மட்டும் 1874-இல் கட்டிய கண்ணாடிப் பனைக்கூடத்துக்குள் கை கால் சூடேற்றிக்கொள்ளலாம்.

செலவைப் பொறுத்தவரை ஊருக்குக் குறைந்த மதிப்பெண்தான் தர முடியும். நாணயம் யூரோ அல்ல, குரோனர்; ஒன்று எத்தனை ரூபாய் என்று கிளம்பும் முன் பார்த்துக் கணக்கு வையுங்கள். பல கடைகளில் நோட்டு வாங்குவதே இல்லை, கார்டுதான். சுற்றுலா அலுவலகம் விற்கும் எல்லாம் அடங்கிய கோபன்ஹேகன் கார்டு, ஒரு நாளில் மூன்று நான்கு கட்டண இடங்களுக்குள் ஓடினால்தான் கட்டுப்படியாகும். நடக்க வந்தவருக்கு அது வீண். மேலே சொன்ன வழியில் பாதி இலவசம். விமான நிலையத்திலிருந்து வரவும் போகவும் தனிச் சீட்டு, நடுவில் ஒரு படகுச் சீட்டு போதும். நடக்க முடியாத பெரியவர் கூட இருந்தால் அவருக்கு மட்டும் விமான நிலையமும் அடங்கிய சிட்டி பாஸ் ஸ்மால் என்ற பயணச்சீட்டை வாங்குங்கள். 24 மணி நேரத்திலிருந்து 120 மணி நேரம் வரை கிடைக்கும். சீட்டு இல்லாமல் ஏறிவிட்டு உள்ளே எடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது. மெட்ரோவில் ஓட்டுநரே கிடையாது, சோதனையாளர்கள் உண்டு, அபராதம் கடுமை.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். எந்தக் குழாயிலும் பிடித்துக் குடிக்கலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தடை வந்தபின் ஸ்டீல் பாட்டில் தூக்கிப் பழகிய நமக்கு இது எளிது. மீறி வாங்கினால் பாட்டிலின் அளவையும் வகையையும் பொறுத்து 1, 1.5 அல்லது 3 குரோனர் முன்பணம் சேர்ப்பார்கள். காலிப் பாட்டிலைச் சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். நம் மாவட்டத்தில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிறார்களே, அதே முறை. பாட்டிலை நசுக்கினால் இயந்திரம் வாங்காது.

கழிவறை: இலவசப் பொதுக் கழிவறைகள் உண்டு, சுத்தமாகவும் இருக்கும். எதிலும் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். பையில் ஒரு சிறு பாட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வரும் முன் அங்கேயே போய்விடுவது நல்ல பழக்கம்.

சாப்பாட்டுக்கு நோர்ரபோர்ட் அருகே டோர்வஹாலர்ன என்ற கண்ணாடிக் கூரைச் சந்தை வசதி. கம்பு நிறத்தில் கனமாக, சற்றுப் புளிப்பாக இருக்கும் ரை ரொட்டிமேல் ஏதாவது அடுக்கித் தருவதுதான் அவர்களின் மதிய உணவு. இரண்டு துண்டு போதும், ராகிக் களி போல மாலை வரை வயிற்றில் நிற்கும். சைவர்கள் உருளைக்கிழங்கு அடுக்கியதைக் கேட்கலாம். தெருவண்டித் தொத்திறைச்சி பெரும்பாலும் பன்றி. வேண்டாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெண்ணெய் அடுக்கடுக்காக மடித்துச் சுட்ட அவர்களின் இனிப்பு ரொட்டி, ஊட்டி வர்க்கியின் ஈரமான உறவுக்காரர். அதற்கு நல்ல டீ மட்டும் கிடைக்காது. வெந்நீரில் ஒரு பை மிதக்கும், அவ்வளவுதான். காபி குடியுங்கள், அல்லது இங்கிருந்தே கால் கிலோ தூள் கொண்டுபோங்கள். அறையில் மின்கெட்டில் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

குதிகால் வலி தொடங்கிவிட்டால் மூன்றாம் நாள் கருங்கல்லில் கால் வைக்காதீர்கள். நோர்ரபோர்ட்டிலிருந்து மேற்கே சிறிது தூரத்தில் ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. சரளை மண் போட்ட கரைப்பாதை, முழுச் சுற்று சுமார் 6 கிலோமீட்டர், எந்தப் பாலத்திலும் பாதியில் வெட்டிக்கொள்ளலாம். அதற்கு அப்பால் கதாசிரியர் ஆன்டர்சனும் இயற்பியலாளர் நீல்ஸ் போரும் அடக்கமான அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டம், அதிலும் பல இடங்களில் மண் பாதைதான். காலையில் குதிகாலுக்கு அடியில் குளிர்ந்த பாட்டிலை வைத்துப் பத்து நிமிடம் உருட்டிவிட்டுக் கிளம்பினால் மதியம் வரை தாங்கும்.